கட்டிலடி நிழலும் பதினாறு மணி நேரமும்

1

நேற்று தபாலில் என் நீட்டிப்புக் கடிதம் வந்தது. இன்னும் மூன்று வருடம் நான் இந்த நாட்டில் இருக்கலாமாம். கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் உண்டு. இருக்கலாம், கார் ஓட்டலாம், நூலகத்தில் புத்தகம் எடுக்கலாம், பனி பெய்தால் வாசலைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். வேலைக்கு மட்டும் போகக் கூடாது. அதை ஒரே வரியில், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நியூ ஜெர்சிக்கு வந்து ஐந்து வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. வரும்போது மகள் மதுவுக்கு ஒரு வயது. இப்போது ஒன்றாம் வகுப்பு. கணவர் முரளி வாலாஜாபாத்காரர், ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் வேலை. நான் பெரிய காஞ்சிபுரம். ஊருக்குப் போன் செய்தால், "உனக்கு இன்னாம்மா, வீட்டுல ஜாலியா இருக்கிற" என்கிறார்கள். ஜாலிதான். ஒரு படுக்கையறையும் ஒரு ஹாலும் உள்ள வீட்டில், காலை எட்டு மணியிலிருந்து ஆள் அரவமில்லாத ஜாலி.

இந்த ஐந்து வருடத்தில் ஒரே ஒரு முறை இந்த வீட்டை விட்டு வேலைக்குப் போகும் வழி எனக்குத் திறந்தது. அதை நானே என் கையால் சாத்திக்கொண்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் நான் சும்மா இருந்தவள் இல்லை. பி.எஸ்ஸி. கணக்கு முடித்த கையோடு, காமாட்சியம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் செல்வம் அண்ணன் நடத்திய டிசைன் சென்டரில் சேர்ந்தேன். பட்டுப் புடவைக்கு பார்டரும் புட்டாவும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிற இடம். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஜரிகை எங்கே மேலே வரவேண்டுமோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. நாங்கள் வைக்கிற புள்ளிதான் அட்டையில் ஓட்டையாகும், அட்டை தறியின் மேல் ஏறும், அதன்படி புடவை நெய்யப்படும்.

சேர்ந்த இரண்டாம் மாதம் ஒரு மயில் பார்டர் போட்டேன். மயிலின் கழுத்தில், வைக்கக் கூடாத இடத்தில், ஒரு புள்ளி தங்கிவிட்டது. கண்ணில் படவில்லை. அட்டை அடித்தாயிற்று. மூன்று வாரம் கழித்து நெசவாளர் ஒருவர் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக சென்டருக்குள் வந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருக்கிறது. புடவையை என் மேசையில் விரித்தார்.

"ஏம்மா, மயிலுக்கு இன்னாத்துக்கு மச்சம் வெச்ச?"

ஐந்தரை மீட்டருக்கும், பார்டர் முழுக்க, ஒவ்வொரு மயிலுக்கும் மச்சம். கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று திருப்பிவிட்டார். பக்கத்து மேசையில் இருந்த பரிமளா சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அன்றிலிருந்து டிசைனை முடித்ததும் திரையைப் பெரிதாக்கி, மூலையில் தொடங்கி வரிவரியாகத் தேடித் தனிப் புள்ளிகளை எடுத்துவிடுவேன். அது பழக்கமாகி, அப்புறம் ஒருவிதப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. அரிசியில் கல் பொறுக்கினால்கூட நான் எழுந்திருக்க நேரமாகும்.

3

இங்கே வந்த முதல் வருடம் அழுதேன். இரண்டாவது வருடம் சமையல். மூன்றாவது வருடம் முரளியின் ஆபீஸ் நண்பர் ஊர் மாறிப் போகும்போது தன் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் வீட்டின் உட்புறத்தை முப்பரிமாணத்தில் வரைகிற மென்பொருள் ஒன்று இருந்தது. இன்னும் கட்டாத வீட்டைக் கட்டியதுபோலப் போட்டோ பிடித்துக் காட்டுகிற வேலை அது. சுவர், ஜன்னல், கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் கோடுகளால் கட்டி, விளக்கு வைத்து, கேமரா வைத்து, பொத்தானை அமுக்கினால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் படமாகத் தரும். நூலகத்தில் இருந்த இரண்டு புத்தகங்களை மாற்றி மாற்றி எடுத்து நானே கற்றுக்கொண்டேன்.

என் முதல் படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. படுக்கையறை ஜன்னல் வழியாக வெளிச்சம் விட்டிருந்தேன். நாற்காலியின் நிழல் கறுப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியதுபோல் தரையில் கிடந்தது. சன்னதித் தெருவில் பன்னிரண்டு மணி வெயிலில் நிழல் அப்படித்தான் விழும், தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தால் பொசுங்கிவிடும். ஏகாம்பரநாதர் கோயில் வெயிலைக் கொண்டுவந்து அமெரிக்காக்காரன் படுக்கையறையில் அடித்துவிட்டேன். அறைக்குள் நிழல் அப்படி இருக்காது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எப்படி இருக்கும் என்று பார்க்க நான் எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. என்னைப்போல் ஒரே அறையை இத்தனை நாள் பார்த்தவர்கள் குறைவு. எங்கள் ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம், அதற்கு மேல் பெரும்பாலும் சாம்பல் நிற வானம். ஜன்னல் அகலம் முழுவதிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. கட்டில் கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் கெட்டியாக இருக்கும். தள்ளிப் போகப் போக ஓரம் கரையும், ஒரு சாணுக்கு அப்பால் எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாது. ஜன்னலின் ஓர் ஓரத்து வெளிச்சம் எட்டாத இடத்தை இன்னொரு ஓரத்து வெளிச்சம் எட்டிவிடுகிறது, அவ்வளவுதான் விஷயம். பத்து மணிக்குத் தலையணை நிழல், இரண்டு மணிக்குத் திரைச்சீலை நிழல், நாலரைக்கு எல்லாம் ஒன்றாகக் கலந்து அறையே மங்கிப்போவது, எனக்கு அத்தனையும் மனப்பாடம். பெருமைப்படுகிற படிப்பு இல்லை அது, வேறு வழியில்லாமல் படித்தது.

மென்பொருளிலும் அதற்கு வழி இருந்தது. விளக்கை ஒரு புள்ளியாக வைக்காமல், ஜன்னல் அளவுக்கு அகலமாக வைக்கவேண்டும். அந்த அகலத்தில் எத்தனை இடங்களிலிருந்து வெளிச்சத்தைக் கணக்கிட வேண்டும் என்று ஓர் எண் கேட்கும். எண்ணைக் கூட்டினால் நிழல் பட்டாக வரும், ஆனால் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாள் ஓடவேண்டும். குறைத்தால் சீக்கிரம் முடியும், நிழலின் ஓரம் மட்டும் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். என் பழைய பெட்டி எண்ணைக் கூட்டினால் இரண்டாம் நாள் சூடேறி நின்றுவிடும். மூன்று முறை அப்படி நின்றது.

அப்புறம் நான் என்ன செய்திருப்பேன் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். எண்ணைக் குறைத்துப் படத்தை எடுத்தேன். அதை வேறொரு மென்பொருளில் திறந்து, பெரிதாக்கி, மேல் மூலையில் தொடங்கினேன்.

4

ரூத் அம்மாளை நூலகத்தில்தான் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். நான்கு பேர் வேலை செய்கிற சின்ன ஆபீஸ் வைத்திருக்கிறார். வீடு கட்டுபவர்களுக்கு உட்புறப் படங்கள் செய்து தருவதுதான் தொழில். நான் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். சுமதி என்ற என் பெயர் அவர் வாயில் "சூமாட்டி" ஆனது. நான் என் கம்ப்யூட்டர் கதையைச் சொல்லும்போது பழக்கதோஷத்தில் "கரண்ட் போச்சு" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். "எங்கே போனது?" என்று உண்மையாகவே கேட்டார்.

அடுத்த வாரம் அவர் சொன்ன விஷயம் இது. ஒரு சோதனைப் படம் செய்து காட்டு. பிடித்திருந்தால் உனக்கென்று தனியாக வேலை விசாவுக்கு எங்கள் வக்கீல் ஏப்ரலில் மனுப் போடுவார். அதைத் தவறவிட்டால் அடுத்த ஏப்ரல்தான்.

முரளிக்கு முதலில் பயம். "ஒரு பைசா வாங்கக் கூடாது சுமதி. காப்பிகூட அவங்க செலவுல குடிக்காத. உன்னால ஏதாச்சும் ஆச்சின்னா என் கிரீன் கார்டு ஃபைல் அப்படியே மண்ணாப் போயிடும்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஃபைலுக்காகச் சம்பள உயர்வு கேட்காமல், வேறு கம்பெனிக்கு மாறாமல், அதே நாற்காலியில் அவரும் ஐந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறார். செல்வம் அண்ணனிடமிருந்து அனுபவச் சான்றிதழ் வரவழைத்தோம். பரிமளா தட்டச்சு செய்து அனுப்பினாள். நான் நல்ல குடும்பத்துப் பெண் என்றும் ஒரு தவறும் செய்யாதவள் என்றும் அதில் இருந்தது. இரண்டாவதைப் படித்தபோது மயில் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

படுக்கையறைப் படம் ஒன்று செய்தேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிற நிழலுக்கு மட்டும் மூன்று நாள். ஒவ்வொரு புள்ளியாக, பக்கத்து நிறத்தைப் பார்த்து, அதற்குச் சேர்த்து மாற்றிக்கொண்டே வந்தேன். மொத்தம் பதினோரு நாள். கடைசியில் அந்தக் கட்டிலடியில் கையை விட்டால் குளிர்ச்சி தெரியும்போல இருந்தது. செய்ததைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வெகு காலமாகியிருந்தது. அன்று பாயசம் வைத்தேன்.

படத்தோடு, மென்பொருளில் நான் கட்டிய மூலக் கோப்பும் ஒரு படிவமும் கொடுக்கவேண்டும். பெயர், மென்பொருள், கடைசியாக ஒரு கட்டம்: எத்தனை மணி நேரம்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். பதினோரு நாளை மணியாக்கினால் எண்பதுக்கு மேல் வருகிறது. இங்கே இருப்பவர்கள் இதை இரண்டே நாளில் செய்வார்களோ என்னவோ. எண்பது என்று எழுதினால், சுத்த மந்தம் என்று நினைக்க மாட்டார்களா? வெட்கமாக இருந்தது. பதினாறு என்று எழுதினேன். எழுதும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

5

ரூத் அம்மாள் படத்தைக் கண்ணருகே தூக்கிப் பிடித்தார். "இந்த நிழல்," என்றார், "பதினாறு மணியிலா?" நான் தலையாட்டினேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய பங்குதாரர் இன்னும் ஒரு சோதனை கேட்டார். அதே வீட்டின் நான்கு அறைகள், இதே தரத்தில். பத்து நாள் அவகாசம். பதினாறு மணியில் ஓர் அறை என்றால் நான்கு அறைக்கு எட்டு நாள் போதுமே, இரண்டு நாள் கூடவே கொடுத்திருக்கிறார் என்று ரூத் அம்மாள் எனக்காக மகிழ்ந்தார். முடிந்ததும் வக்கீலிடம் போகலாம்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது. முரளி கிளம்பியதும் உட்காருவேன். மது பள்ளியிலிருந்து வந்து நிற்பது தெரியாது. நான்காம் நாள் அவள் வகுப்பில் ஏதோ பாட்டு நிகழ்ச்சி, அம்மாக்கள் வரவேண்டிய நாள். மறந்தே போனேன். அவள் பையைக் கழற்றாமல் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"மது, சாரிடி கண்ணு. அம்மாவுக்கு வேலை இருந்திச்சு."

"நோ, யு டோன்ட் ஹாவ் எ ஜாப்," என்றாள். கோபமே இல்லை. வகுப்பில் எல்லோருக்கும் அம்மா அப்பா என்ன வேலை என்று கேட்டார்களாம், அவளாகவே சொல்லியிருக்கிறாள்: டாடி கம்ப்யூட்டர்ஸ், மம்மி ஸ்டேஸ் ஹோம். அதையே எனக்கு எடுத்துச் சொன்னாள். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது எப்போதிலிருந்து என்று யோசித்தேன், பிடிபடவில்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவள் போய் டிவி போட்டுக்கொண்டாள், நான் திரும்பவும் புள்ளி எடுக்கப் போனேன்.

ஆபீஸ் லேப்டாப்பைத் தரச்சொல்லி முரளியிடம் கெஞ்சினேன். முடியவே முடியாது என்றுவிட்டார். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரே ஓர் அறை முடிந்திருந்தது. போன் கார்டு போட்டுப் பரிமளாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அட பைத்தியமே, அங்க போயுமா புள்ளி எடுத்துக்கினு இருக்கிற?" என்று சிரித்தாள். நான் பதினாறு மணி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இன்னாடி சொல்ற? பதினோரு நாளு செஞ்சிட்டு ரெண்டு நாளுன்னு எழுதினியா? இங்க அண்ணன் ஒரு பார்டருக்கு எத்தினி நாளு ஆவும்னு கேட்டா, எட்டு நாள் வேலைக்குப் பன்னெண்டுன்னு அடிச்சிச் சொல்லுவியே. எங்களுக்கும் சேர்த்து நீதான பேசுவ. அவரே உன்னைப் பார்த்தா பயப்படுவாரு."

"அது ஊரு பரிமளா."

"ஊரு இன்னா ஊரு. கை உன் கைதான? உன் நாளுக்கு ஒண்ணும் கெடையாதுன்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. கார்டில் நிமிடம் தீர்ந்து லைன் அறுந்துபோனது. நான் ரிசீவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். காலையில் எழுந்து, இந்த நாளை எப்படிக் கழிப்பது என்று ஐந்து வருடமாக யோசித்திருக்கிறேன். நாளைத் தள்ளவேண்டிய சுமையாகவே வைத்திருந்தவளுக்கு, பதினோரு நாளைக் கொடுத்தோம் என்பதே தெரியாமல் போயிருக்கிறது. எனக்கு என் மேலேயே பயமாக இருந்தது. இந்த வீடு எனக்குள் இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று அன்றுவரை தெரியாது.

6

பத்தாம் நாள் ஒன்றரை அறையோடு பஸ் ஏறினேன். போகும் வழியெல்லாம் ஆங்கிலத்தில் வாக்கியம் தயார் செய்தேன். ஆனால் அவர்கள் எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டிருந்தார்கள். முதல் சோதனையின் மூலக் கோப்பையும் நான் கொடுத்திருந்தேன் அல்லவா, பங்குதாரர் அதை அவருடைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டு படமும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்றில் என் கட்டிலடி நிழல். இன்னொன்றில் அதே கட்டில், அடியெல்லாம் மணல்.

"இது வேறு யாரோ செய்ததா?" என்று ரூத் அம்மாள் கேட்டார். அவர் அப்படி நினைத்ததுதான் எனக்குப் பெரிய அடி.

நான் தயார் செய்த வாக்கியமெல்லாம் போய்விட்டது. அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, மணல் படத்தைப் பெரிதாக்கி, மூலையில் தொடங்கி, இரண்டு விரற்கடை அகலத்துக்குப் புள்ளி எடுத்துக் காட்டினேன். முக்கால் மணி நேரம் ஆனது. அவர் நகராமல் பின்னால் நின்றிருந்தார். "மொத்தம் பதினோரு நாள்," என்றேன். "நான் எழுதியது பொய்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "பதினோரு நாள் என்று எழுதியிருந்தால் உனக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டரைக் கொடுத்து, எண்ணைக் கூட்டச் சொல்லி, இரண்டு நாளாக ஆக்கியிருப்பேன். அது சின்ன விஷயம். நீ பதினாறு மணி என்று சொன்னதை நம்பி, நான் ஒரு கட்டடக்காரருக்கு வாக்குக் கொடுக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். என் பங்குதாரர் இந்த வருடம் வேண்டாம் என்கிறார். என்னால் அவரோடு சண்டை போட முடியவில்லை, சூமாட்டி."

திட்டியிருந்தால் பரவாயில்லை. கிளம்பும்போது அவர்கள் ஆபீஸில் பயன்படுத்தும் நேரத்தாள் கட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். நாள் ஒன்றுக்கு ஒரு வரி, கால் மணிக்கு ஒரு கட்டம். "வீட்டில் கற்றுக்கொள்கிறாய் இல்லையா, அந்த நேரத்தை உள்ளபடி எழுதிப் பழகு. அடுத்த மார்ச்சில் கொண்டுவந்து காட்டு. அப்போது அவரிடம் பேசிப் பார்க்கிறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது அழுகையை அடக்கவே முடியவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். அந்த ஏப்ரலும் போனது.

7

நேரத்தாளை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டினேன். முதல் வாரம் சிரமமாக இருந்தது. பால் பொங்கி எழுந்து போனால் அந்தக் கால் மணியைக் கழிக்கவேண்டும், மது வந்து மடியில் ஏறினால் கழிக்கவேண்டும். அப்புறம் கை வந்துவிட்டது. நாலே கால், ஐந்தரை, ஆறு. சாயங்காலம் கூட்டிப் பார்க்கும்போது, பரவாயில்லையே, இன்றைக்கு இவ்வளவு செய்திருக்கிறேனே என்று இருக்கும்.

நேற்று நீட்டிப்புக் கடிதத்தை ஃபைலில் வைக்க வந்த முரளி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து நின்றார். இத்தனை நாள் அதை மதுவின் பள்ளித் தாள் என்று நினைத்திருக்கிறார்.

"இன்னா சுமதி இது?"

"நான் வேலை செஞ்ச நேரங்க."

"அதான் கேக்கிறேன். எதுக்கு இதெல்லாம் எழுதி ஒட்டிக்கினு இருக்கிற? கம்பெனி பேர் போட்ட தாளு, தேதி போட்டு, மணி போட்டு... நாளைக்கு யாராச்சும் பார்த்தா, நீ திருட்டுத்தனமா வேலைக்குப் போனதா ஆயிடும்மா. ஃபைல் கடைசி கட்டத்துல இருக்குது. கொஞ்சம் புரிஞ்சிக்கோ."

"யாருங்க நம்ம ஃபிரிட்ஜைப் பார்க்கப் போறாங்க?"

அவர் ஃபைலை மேசையில் வைத்தார். தாள்களை ஒவ்வொன்றாக, கசங்காமல், காந்தத்திலிருந்து எடுத்தார். கோபமாகக் கிழித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் சமையலறைத் தொட்டியில் வைத்து நனைத்து, மை கரைந்ததும் பிழிந்து குப்பையில் போட்டார். பிறகு, "உன் மனசுக்குள்ள கணக்கு வெச்சிக்கோயேன்," என்றார்.

மனசுக்குள் வைத்த கணக்கின் லட்சணத்தைத்தான் பார்த்தோமே. ரூத் அம்மாளுக்குக் காட்ட என்னிடம் தாள் வேண்டும். இங்கே அதிகாரிகள் படிக்க முடியாத, என் வீட்டுக்காரர் வாங்காத ஊர்ப் பத்திரிகை ஒன்றில் வந்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்று யோசித்து, இதை உங்களுக்கு எழுதுகிறேன். தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்: திங்கள் ஆறு மணி. செவ்வாய் நாலே முக்கால். புதன் ஐந்தரை. வியாழன், மதுவுக்குக் காய்ச்சல், ஒன்றே கால். வெள்ளி ஏழு. இந்த வாரம் நான் இருபத்து நாலரை மணி நேரம் வேலை செய்தேன்.